ஐம்பத்திரண்டு கொத்துகளின் நிறை

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை பதினோரு மணி வாக்கில் வேணிக்குத் தன் தவறு தெரிந்தது. அவள் அதைத் தேடிப் போகவில்லை. மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, பழையவற்றை அழிக்காவிட்டால் புதியவை வராது என்று கல்லூரியின் கணினிப் பிரிவிலிருந்து மூன்றாவது முறையாக எச்சரிக்கை வந்திருந்தது. தேர்தல் பயிற்சி வகுப்புக்காக அன்று இயற்பியல் துறையில் பாதிப் பேர் வரவில்லை. நான்கு வருடத்துக் கடிதங்களை ஒவ்வொரு பக்கமாக அழித்துக்கொண்டே வந்தவள், நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்த ஒன்றில் நின்றாள்.

சிலி நாட்டு மலைமேல் இருக்கும் தொலைநோக்கி நிலையம் சில வருடங்களுக்கு முன் அனுப்பிய சுற்றறிக்கை அது. கேமராவின் சிவப்பு ஃபில்டரில் கீறல் விழுந்ததால் மார்ச் மாதம் வேறொன்று பொருத்தியிருக்கிறோம், இனி எடுக்கும் படங்களுக்கு இணைப்பில் உள்ள புதிய அளவுகளைப் பயன்படுத்தவும் என்று ஐந்து வரி. அதைப் படித்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி போனில் படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று குறி போட்டாள். அதன்பிறகு பார்க்கவில்லை.

எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, படங்களை அளக்கும் பழைய கணினி நிரலைத் திறந்தாள். நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் பழைய ஃபில்டரின் பெயர் இருந்தது. அவள் பயன்படுத்திய படங்கள் அத்தனையும் மார்ச்சுக்குப் பிறகு எடுத்தவை.

வேணி விண்மீன் திரள்களின் கொத்துகளை எடை போடுகிறவள். நம் பால்வீதியைப் போன்ற நூற்றுக்கணக்கான திரள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு கூட்டமாகக் கிடக்கும். அதைத்தான் கொத்து என்பார்கள். அதைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் அதற்கும் பின்னால், வெகு தொலைவில் உள்ள திரள்களின் ஒளி அதைத் தாண்டி வரும்போது, கொத்தின் ஈர்ப்பால் சற்று வளையும். அந்தப் பின்னணித் திரள்களின் உருவம் கொஞ்சம் இழுபட்டுத் தெரியும். ஒன்றை மட்டும் பார்த்தால் தெரியாது. பத்தாயிரத்தை அளந்து சராசரி எடுத்தால் தெரியும். எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதிலிருந்து கொத்தின் நிறை கிடைக்கும். எது பின்னால் இருப்பது, எது கொத்துக்குள்ளேயே இருப்பது என்பதை நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நிறம் தவறினால் கொத்தின் சொந்தத் திரள்களும் பின்னணிக் கணக்கில் சேர்ந்துவிடும். அவை இழுபடாதவை. பாலில் தண்ணீர் ஊற்றியது போலச் சராசரி நீர்த்துப்போய், நிறை குறைவாக வரும்.

அவளுக்குக் குறைவாகத்தான் வந்திருந்தது. ஐம்பத்திரண்டு கொத்துகளிலும், மற்றவர்கள் வேறு வழிகளில் அளந்ததைவிடக் கால் பங்கு குறைவு. உலகமெல்லாம் கூடுதலாக எடை போட்டுவிட்டது என்று மூன்று வருடம் முன்பு அவள் கட்டுரை எழுதினாள். திருச்சியிலிருந்து ஒருத்தி இப்படிச் சொல்கிறாளே என்று கவனித்தார்கள். புனேக்கும் லண்டனுக்கும் பேசக் கூப்பிட்டார்கள். கட்டுரையில் இரண்டாவது பெயர் ஜஹானாராவுடையது. மூன்றாவது பெயர் பேராசிரியர் ரெங்கநாதனுடையது.

ஜஹானாரா அவருடைய ஆராய்ச்சி மாணவி. முப்பது வயது. ஐந்து வருடமாக வேணியின் மேஜைக்கு எதிர் மேஜை. வேணி அளந்து கொடுத்த ஐம்பத்திரண்டு நிறைகளை வைத்து, அண்டத்தில் மொத்தம் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று கணக்கிட்டதுதான் அவளுடைய முனைவர் பட்டத்து ஆய்வு. அந்தக் கணக்கைப் பார்த்து நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் அவளுக்கு இரண்டு வருட வேலை கொடுத்திருந்தது. ஜூன் முடிவதற்குள் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏப்ரல் இருபத்துநான்காம் தேதி வாய்மொழித் தேர்வு வைத்திருந்தார்கள்.

அன்று அவள் எதிர் மேஜையில்தான் இருந்தாள். நோன்பு வைத்திருந்ததால் உதடு காய்ந்திருந்தது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. மெயிலெல்லாம் டெலீட் பண்ணிட்டிருக்கேன்."

"என்னோடதையும் சேத்துப் பண்ணிக் குடுங்க. புண்ணியமாப் போகும்."

வேணி சிரித்தாள். சரியான ஃபில்டரின் அளவுகளைப் போட்டு நிரலை மறுபடி ஓட விட்டாள். முடிய இரண்டு நாள் ஆகும்.

திருவெறும்பூரில் வீடு. கணவன் தர்மராஜ் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டிங் பரிசோதகன். பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வது அவன் வேலை. சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. ரன் முடியட்டும். ஒருவேளை பெரிசா மாறாம இருக்கலாம்."

"மாறும்னு உனக்குத் தெரியுதுல்ல?"

அவள் அவன் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வெளியே வைத்தாள்.

"இன்னைக்கே சொல்லிடு வேணி. எங்க ஷாப்ல நான் காலைல பாத்த ஃபிலிமுக்குக் காலைலயே போய்ச் சொல்லிடுவேன். மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தா, அதுக்குள்ள அவன் அது மேலயே இன்னும் நாலு ஜாயின்ட் போட்டிருப்பான். அப்புறம் எல்லாத்தையும் வெட்டணும்."

"இது குழாய் இல்லங்க."

"அதான் சொல்றேன்," என்றான் தர்மராஜ்.

பதினோராம் தேதி ரம்ஜான் பெருநாள். காலை எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தபோது நிரல் ஓடி முடிந்திருந்தது. ஐம்பத்திரண்டு கொத்துகளிலும் நிறை ஏறியிருந்தது. மற்றவர்கள் அளந்த எண்களுக்கு அருகே போய் உட்கார்ந்துகொண்டது. அவளுடைய கட்டுரையில் புதிதாக இருந்த ஒரே விஷயம் இல்லாமல் போயிற்று. ஜஹானாராவின் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயத்திலிருந்து கடைசி வரைக்கும் எல்லாம் அதன் மேல்தான் நின்றது.

மத்தியானம் பீமநகரில் ஜஹானாரா வீட்டில் விருந்து. வருடாவருடம் போவதுதான். தர்மராஜுக்கு ஷிப்ட், வேணி தனியாகப் போனாள். போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தாள்.

ஜஹானாராவின் அப்பா கலீம் வாசலிலேயே நின்றிருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு சமையலை அவரே கற்றுக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. உங்களுக்காகத்தான் இன்னும் தம் உடைக்காம வச்சிருக்கேன்."

பிரியாணியை அவரே பரிமாறினார். இறைச்சியாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். இருபத்துநான்காம் தேதி போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"அத்தாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை புரியாது. ஆனா முன் வரிசையில உக்காருவாராம்," என்றாள் ஜஹானாரா.

"புரியாட்டா என்ன? ஒர்க்‌ஷாப்ல ஆபீசர் பேசறதும்தான் புரியாது. முப்பத்தாறு வருஷம் உக்காந்து கேக்கலியா?" கலீம் சிரித்துவிட்டு வேணியைப் பார்த்தார். "உங்களாலதாம்மா எல்லாம். அவ வீட்ல பேசறப்ப வேணிக்கா சொன்னாங்க, வேணிக்கா சொன்னாங்கம்பா. அக்கா இல்லாத பொண்ணு."

வேணி சாப்பிட்டாள். இரண்டாவது தடவை வைத்ததையும் சாப்பிட்டாள். கிளம்பும்போது கலீம் ஒரு டிபன் கேரியரில் தர்மராஜுக்கும் போட்டுக் கொடுத்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் ஜஹானாரா விசா விஷயமாகச் சென்னை போய்விட்டாள். சனிக்கிழமை வேணி ஸ்ரீரங்கம் போனாள். பேராசிரியர் ரெங்கநாதனின் வீடு உத்திர வீதியில். மே முப்பத்தொன்றாம் தேதி அவர் ஓய்வு பெறுகிறார். ஜஹானாரா அவருடைய கடைசி மாணவி. வேணியும் ஒரு காலத்தில் அவரிடம்தான் பட்டம் வாங்கினாள். கூடத்தில் ஃபேனைப் பெரிதாக வைத்துவிட்டு, அவள் கொண்டுபோன தாள்களை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி அதே பக்கத்துக்கு வந்தார்.

"இந்த ரன் சரிதானா?"

"மூணு கொத்துக் கணக்கைக் கையாலயே போட்டுப் பாத்தேன் சார். சரிதான்."

"ஹூம்."

உள்ளேயிருந்து மோர் வந்தது. அவர் மனைவி மீனாம்பாள் டம்ளரை வைத்துவிட்டு, "வெயில்ல வந்திருக்கே, குடிச்சுட்டுப் பேசு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"வேணி, நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா இப்ப இதை எடுத்தா என்னாகும்? வைவா நிக்கும். தீசிஸைத் திருப்பி எழுதணும், திரும்ப ரெண்டு எக்ஸாமினருக்கு அனுப்பணும். எட்டு மாசம், ஒரு வருஷம். அந்தக் குழந்தைக்கு வேலை போயிடும். நான் ரிடையர் ஆனப்புறம் அவளுக்கு வேற கைடு மாத்தணும். யார் எடுத்துப்பா?"

"அவகிட்டயாவது சொல்லிடலாமே சார்."

"சொன்னா அவ எப்படிப் போய் நிப்பா? தெரிஞ்சுண்டு பொய் சொல்லச் சொல்றயா? இல்ல, போய் ஒப்புத்துக்கச் சொல்றயா? தெரியாம இருக்கறதுதான் அவளுக்கு நல்லது. இருபத்துநாலு முடியட்டும். டிகிரி கைக்கு வரட்டும். அப்புறம் நாம மூணு பேரும் சேர்ந்து ஒரு திருத்தம் போட்டுடலாம். எல்லாரும் போடறதுதானே. பெருமாள் இருக்கார்."

அவர் குரலில் தந்திரம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது, கூடவே அந்தப் பெண்ணின் மேல் உண்மையான அக்கறையும் இருந்தது. வேணிக்கு மோர் இறங்குவது போல ஓர் ஆறுதல் உள்ளே இறங்கியது. சொல்ல வேண்டாம் என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். ராஜகோபுரத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், தான் அந்த ஒரு சொல்லை வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. அப்படியும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சமயபுரம் தேர். ஊரே மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தது, கல்லூரிக்கு விடுமுறை. புதன்கிழமை ஜஹானாரா அவளை மலைக்கோட்டைக் கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தேர்வுக்குச் சேலை எடுக்க வேண்டும், நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். ஜவுளிக்கடை மாடியில் கரும்பச்சையில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்காக்கா?"

"நல்லாருக்கு."

"இதையே அங்கயும் எடுத்துட்டுப் போறேன். முதல் நாள் வேலைக்குக் கட்டிக்குவேன். குளிருக்கு மேல கோட்டுப் போட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல. இருந்தாலும்."

வேணி அவள் கையைப் பிடித்தாள். "ஜஹானாரா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

கடைக்காரர் இன்னும் இரண்டு சேலைகளை விரித்துப் போட்டார். ஜஹானாரா காத்திருந்தாள். அவள் முகம் வியர்த்து, சந்தோஷமாக இருந்தது. அந்த முகம் மாறுவதைப் பார்க்கும் தைரியம் வேணிக்கு வரவில்லை.

"நீ போயிட்டா எனக்கு எதிர் டேபிள் காலியா இருக்கும். அதான்."

"அய்யோ, அழ வைக்காதீங்கக்கா," என்று ஜஹானாரா அவளைக் கட்டிக்கொண்டாள்.

பத்தொன்பதாம் தேதி தேர்தல். இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை இணையத்தில் ஒரு புதிய கட்டுரை வெளிவந்தது. ஜப்பானியக் குழு ஒன்று வேறொரு தொலைநோக்கியால் அதே கொத்துகளில் முப்பதை அளந்திருந்தது. நிறை அதிகமாக வந்திருந்தது. திருச்சிக் குழு தேர்ந்தெடுத்த பின்னணித் திரள்களில் கொத்தின் சொந்தத் திரள்கள் கலந்திருக்கலாம் என்று பதினோராம் பக்கத்தில் மரியாதையாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்கள். வேணி அதைப் படித்தபோது ஜஹானாராவும் எதிரில் அதையே படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதைப் பத்தி வைவால கேப்பாங்களே."

"கேக்கலாம்."

"நம்ம செக் பண்ணதுதானே? கலரை வச்சுப் பிரிச்சதெல்லாம் நீங்க எத்தனை தடவை பாத்தீங்க."

இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மேஜைக்கு மேஜை ஆறடிதான் இருந்தது. "சாரைக் கேட்டுக்க," என்று சொல்லிவிட்டு வேணி எழுந்து வெளியே போனாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

புதன்கிழமை காலை கருத்தரங்கக் கூடத்து வாசலில் ஜஹானாராவின் படம் போட்ட பேனர் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மைசூர்பாகும் மிக்சரும் வைத்த பெட்டி. கலீம் வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில் இருந்தார். ஜஹானாரா கரும்பச்சைச் சேலையில், தலையில் அதே நிறத் துணியுடன், நாற்பது நிமிடம் தடங்கலில்லாமல் பேசினாள். வேணிக்குத் தெரிந்து அவள் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

பெங்களூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மெல்லிய குரல்காரர். சின்னச் சின்னக் கேள்விகளாக ஐந்தாறு கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வந்த கட்டுரையைப் பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பார்த்தேன் என்றாள் ஜஹானாரா. அவர்களுடைய படங்கள் வேறு, முறை வேறு என்று விளக்கினாள்.

"கலப்பு இருக்கலாம் என்கிறார்களே. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

"பின்னணித் திரள்களின் பட்டியலை வேணி மேடம் வரி வரியாகச் சரிபார்த்திருக்கிறார். ஐந்து வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவரைவிடக் கவனமாக வேலை செய்கிறவர் யாரையும் எனக்குத் தெரியாது. அதில் பிழை இருக்காது என்று நான் உறுதியாகச் சொல்வேன்."

சொல்லிவிட்டு இரண்டாம் வரிசையில் இருந்த வேணியைப் பார்த்து இலேசாகச் சிரித்தாள். தேர்வாளரும் திரும்பிப் பார்த்தார். ரெங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டு பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

வேணி எழுந்து நின்றாள். எழுந்திருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை.

"பிழை இருக்கிறது. ஃபில்டர் மாறியதை நான் கவனிக்கவில்லை. ஐம்பத்திரண்டு நிறைகளும் தவறு. ஆய்வேட்டின் முடிவு நிற்காது. எனக்கு ஒன்பதாம் தேதியே தெரியும்."

கூடத்தில் யாரோ மிக்சர் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டு நின்றது. தேர்வாளர் ஜஹானாராவிடம், "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் வேணியின் பக்கம் பார்க்கவில்லை. கணினியிலிருந்து வயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தாள். தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது, திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. கலீம் மகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் வேணியின் முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"நான் குடுத்த கணக்கு தப்பு, அங்கிள். அதனால நிறுத்திட்டாங்க."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பதாம் தேதி."

அவர் விரலில் நாட்களை எண்ணிப் பார்த்தார். "அப்ப பெருநாளன்னைக்கு?"

"தெரியும்."

கலீம் மகளைத் தேடிக்கொண்டு போனார்.

நெதர்லாந்து நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. வேணி கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பிழை தன்னுடையது மட்டுமே என்று எழுதிய நான்கு வரி அறிவிப்பு பத்திரிகையில் வந்தது. மே முப்பத்தொன்றாம் தேதி ரெங்கநாதனுக்குப் பிரிவுபசார விழா நடந்தது. சால்வை போட வந்த வேணியிடம் அவர், "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு அவளுடைய போனை அவர் எடுப்பதில்லை.

ஜஹானாரா துறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தில்லைநகரில் ஒரு நீட் பயிற்சி மையத்தில் இயற்பியல் நடத்தப் போவதாகக் கேள்விப்பட்டாள் வேணி. கோடை முழுக்க உட்கார்ந்து ஐம்பத்திரண்டு கொத்துகளையும் முதலிலிருந்து அளந்தாள். புதிய எண்களை வைத்து ஜஹானாராவின் அத்தியாயங்களில் எங்கெங்கே எது மாற வேண்டும் என்று தனித்தனியாகக் குறித்தாள். முடிவு எல்லாரும் சொல்வதுதான், புதுமை இல்லை. ஆனால் பட்டத்துக்குப் போதும். செப்டம்பரில் அதையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு பீமநகர் போனாள்.

கதவைத் திறந்தது ஜஹானாராதான். உள்ளே கூப்பிடவில்லை.

"ஆறு மாசத்துல மறுபடி சப்மிட் பண்ணிடலாம். புது கைடு கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காரு. கணக்கெல்லாம் நானே போட்டுட்டேன். நீ எழுதினா மட்டும் போதும்."

"நான் எழுதல."

"என் மேல கோபம் இருக்கட்டும். அதுக்காக அஞ்சு வருஷத்தை..."

"தப்பு பண்ணதுக்குக் கோபம் இல்லக்கா. ஃபில்டர் நானும்தான் பாக்கல." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "சேலைக் கடையில ஏதோ சொல்ல வந்தீங்க. அப்புறம் எதிர் டேபிள் காலியா இருக்கும்னீங்க. நான் அதைத் தினமும் நெனச்சுப் பாக்கறேன். ஒரு நம்பரைப் பாத்தா, இதுவும் அந்த மாதிரிதானோன்னு தோணுது. எதையும் நம்பி அடுத்த வரிக்குப் போக முடியல. பசங்களுக்கு நடத்தறது பரவால்ல. அதுல விடை கடைசிப் பக்கத்துல இருக்கு."

"நான் பயந்துட்டேன், ஜஹானாரா."

"தெரியும்," என்றாள் அவள். "எனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு."

பென் டிரைவை அவள் வாங்கவில்லை.

ஜனவரி மாதம், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், கலீம் கல்லூரிக்கு வந்தார். மகளின் ஆய்வுப் பதிவை ரத்து செய்துகொண்டு அசல் சான்றிதழ்களை வாங்கிப் போக வந்திருந்தார். படிவத்தில் துறையிலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும். துறைத் தலைவர் விடுப்பில் இருந்ததால் அது வேணியின் மேஜைக்கு வந்தது. இப்போது அவள் ஆராய்ச்சி எதுவும் செய்வதில்லை. முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு மட்டும். எதிர் மேஜையில் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

"உக்காருங்க அங்கிள்."

அவர் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அவள் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துப் படிவத்தை நீட்டினாள். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. அவ கேக்கச் சொல்லல. நான் வந்தது கையெழுத்துக்குத்தான்."

"கேளுங்க."

"அன்னைக்கு அங்க இருந்தவங்க எல்லாரும் என்கிட்ட சொன்னது, உங்க பொண்ணு எழுதினது தப்பாப் போச்சுன்னுதான். சொந்தக்காரங்ககிட்டயும் அப்படித்தான் போயிருக்கு. அஞ்சு வருஷம் தெனம் காலைல ஒன்பது மணிக்குக் கிளம்பி வந்தா. அவ பண்ணதுல ஒண்ணாவது சரியா இருந்துச்சாம்மா?"

வேணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"எல்லாமே சரி, அங்கிள். அவ பண்ணது அத்தனையும் சரி. நான் குடுத்த நம்பர் மட்டும்தான் தப்பு. அவ கணக்குல என் புது நம்பரைப் போட்டேன். ஒரு எடத்துலகூட இடிக்கல. சரியான விடை வந்துச்சு."

"அதை நீங்க அன்னைக்குச் சொல்லலியே."

அவள் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். எழுந்து நின்று தான் பேசிய வாக்கியங்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தன. எல்லாம் தன்னைப் பற்றியவை. ஆய்வேட்டின் முடிவு நிற்காது என்று சொன்னவள், அதை எழுதியவளின் வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இந்த ஒன்பது மாதத்தில் அது அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

"சொல்லல," என்றாள்.

"எழுதிக் குடுப்பீங்களா? தமிழ்ல எழுதுங்க. நான் படிக்கணும்."

துறையின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தாள். ஜஹானாரா ஐந்து ஆண்டுகள் செய்த ஆய்வில், அவருடைய முறையிலும் கணக்கிலும் எந்தப் பிழையும் இல்லை. நான் அளித்த தரவு தவறானது. சரியான தரவைக் கொண்டு அவருடைய கணக்கைச் சோதித்தேன். அது சரியான விடையைத் தருகிறது. இதற்கு நானே பொறுப்பு. தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். கலீம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார்.

"தரவுன்னா?"

"நான் அளந்து குடுத்தது."

அவர் தலையசைத்தார். தாளை இரண்டாக மடித்து, சான்றிதழ்கள் இருந்த உறைக்குள் வைக்காமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவகிட்ட குடுப்பீங்களா?"

"இப்பக் குடுத்தா வாங்க மாட்டா. என்கிட்ட இருக்கட்டும்." எழுந்தார். "வரேம்மா."

வாசல் வரை கூடவே போனாள். கலீம் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். திருப்பத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். மணி அடித்தது. முதலாண்டு மாணவர்கள் இரண்டிரண்டு பேராக ஆய்வகத்துக்குள் போய், அவளுக்காகக் காத்திருந்தார்கள்.